முன்பக்க இடது வீல்

நடு ரோட்டுல, போற வர்றவங்க எல்லாரும் வேடிக்கை பாக்க, ஒரு ஸ்பானர் மேல ஏறிக் குதிச்சேன் நான். டயர் பஞ்சர். முன்பக்க இடது வீல். டிக்கியில ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி இருக்கு, எனக்கு மாத்தவும் தெரியும். நட் அசைஞ்சாத்தானே? கையால அழுத்தினேன், காலால மிதிச்சேன், கடைசியில செருப்பைக் கழட்டி வெச்சுட்டு ஸ்பானர் மேலயே ஏறி நின்னுட்டேன். என் எடை எவ்வளவுன்னு இங்க சொல்ல மாட்டேன், ஆனா குறைச்சல் இல்ல. அந்த நட் என்னை ஒரு ஆளாவே மதிக்கல.

என் வேலை வீடு வீடாப் போய் ரத்தம் எடுத்துட்டு வந்து லேப்ல கொடுக்கிறது. சர்க்கரைக்காரங்க வெறும் வயித்தோட, ஒரு வாய் காபி கூடக் குடிக்காம, என் காரு எப்ப வரும்னு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. லேட்டாப் போனா ஊசி குத்துறதுக்கு முன்னாடி அவங்க வாயாலயே குத்திடுவாங்க. கார் இல்லன்னா எனக்கு அந்த வேலை இல்ல.

வேற வழியில்லாம டயர்க்கடைக்காரருக்கு போன் போட்டேன். வந்தாரு. அவர் கொண்டு வந்த நீளக் கம்பிக்கே அந்த அஞ்சு நட்டும் தண்ணி காட்டுச்சு. வேர்த்து விறுவிறுத்துக் கழட்டி முடிச்சுட்டு, இதை யாரும்மா டைட் பண்ணதுன்னு கேட்டாரு. யாரும் பண்ணல, போன தடவை நீங்க மாட்டினதுதான்னேன். அவருக்கு முகம் சுருங்கிடுச்சு. நான் அளவு பாத்துத்தான் மாட்டுவேன், அளவு வந்ததும் டிக்குன்னு சத்தம் கொடுக்கிற ஸ்பானர்லதான் மாட்டுவேன், இது எவனோ கம்பி மேல ஏறி நின்னு குதிச்சு டைட் பண்ணது அப்படின்னாரு.

நல்லா டைட்டா இருந்தா நல்லதுதானேன்னு கேட்டேன். அதுக்கு அவர் சொன்னதை இன்னைக்கு வரைக்கும் நான் மறக்கல. "போல்ட்டும் ஒரு அளவுக்குத்தாம்மா இழுபடும். அதுக்கு மேல இழுத்தா உள்ளுக்குள்ளயே இளைச்சுடும், வெளிய தெரியாது. நிக்கிற வண்டியில அறாது. ஓடுற வண்டியிலதான் அறும்."

ஸ்டெப்னியை மாட்டி, நாலு வீலுலயும் ஒவ்வொரு நட்டு மேலயும் மஞ்சள் பெயின்ட்டால ஒரு கோடு இழுத்தாரு. கோடு பாதி நட் மேலயும் பாதி வீல் மேலயும் இருக்கும். நட் துளி திரும்பினாலும் கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும். ரெண்டு நாள் கண்ணு வெச்சுப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போனாரு.

ரெண்டு நாள் எதுக்கு, மறுநாள் காலைலயே அந்த வீலோட அஞ்சு கோடும் உடைஞ்சு கிடந்துச்சு. அஞ்சுமே ஒரே பக்கமாத் திரும்பியிருந்துச்சு, டைட் ஆகிற பக்கமா. மத்த மூணு வீலையும் யாரும் தொடல. பெயின்ட் காயறதுக்குள்ள எதுலயாவது உரசியிருக்கும்னு என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டு, என் நகப்பாலிஷை எடுத்துப் புதுக் கோடு போட்டேன். நல்ல அடர் சிவப்பு. நகத்துக்குப் போட நேரமில்லாம வருஷக்கணக்கா மூலையில கிடந்த பாட்டில். மறுநாள் அதுவும் உடைஞ்சுடுச்சு.

வீட்டுல இருக்கிறது நானும் எங்க வீட்டுக்காரரும்தான். கார் நிறுத்துற ஷெட் சமையலறையை ஒட்டி இருக்கு, வெளிக்கதவுக்கு உள்பக்கம் பூட்டு. அப்புறம் யாரைச் சந்தேகப்படுறது? அவர் கடிகாரம் ரிப்பேர் பண்றவரு. நாள் பூரா கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு, எள்ளு மாதிரி இருக்கிற திருகைத் திருகுற கை அது. வாயைத் திறந்து பேசறதே அபூர்வம். இருந்தாலும் எனக்கு ஒரு நினைப்பு. போன வருஷம் அவர் தம்பி செத்துப் போனதிலேருந்து மனுஷன் மனுஷனா இல்ல.

தம்பின்னா எனக்குக் கொழுந்தன். பார்சல் வண்டி ஓட்டினான். எதுக்கெடுத்தாலும் அவசரம், அதனால நான் அவனுக்கு எக்ஸ்பிரஸ்னு பேரு வெச்சிருந்தேன். சாப்பாட்டைத் தட்டுல போடுறதுக்குள்ள கை கழுவிட்டு நிப்பான். உக்காந்து சாப்பிடுடான்னு நான் கத்துவேன், அடுத்த தடவை அண்ணின்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துடுவான். அந்த அவசரத்துலதான் போய்ச் சேர்ந்தான். வழியில பஞ்சர், தானே வீலை மாத்தியிருக்கான், நட்டையெல்லாம் கையால சுத்திவிட்டதோட சரி, ஸ்பானரைப் போட்டு டைட் பண்ணாமலே ஏறி ஓட்டிட்டான். முன்பக்க இடது வீல் கழண்டு தனியா ஓடியிருக்கு. ஸ்பானர் ரோட்டோரமாவே கிடந்துச்சாம்.

அதிலேருந்து எங்க வீட்டுல அவன் பேச்சே கிடையாது. இவர் பேசவும் மாட்டாரு, பேச விடவும் மாட்டாரு. அந்த பயத்துல மனுஷன் எனக்குத் தெரியாம நட்டைத் திருகுறாரோன்னு நினைச்சேன். நேராவே கேட்டுட்டேன். இல்லன்னாரு. பொய் சொல்றப்போ அவருக்குக் காது சிவக்கும், அன்னைக்குச் சிவக்கல. இருந்தும் எனக்கு ஆறல. வீல் ஸ்பானரை எடுத்துத் துணி அலமாரியில என் புடவைக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். மறுநாளும் கோடு உடைஞ்சிருந்துச்சு.

டயர்க்கடைக்காரர் தினமும் வருவாரா? அவருக்கும் பொழப்பு இருக்கு. இந்த லட்சணத்துல எங்க வீட்டுக்காரர்தான் திடீர்னு வாயைத் திறந்தாரு. நாமளே ஒரு இம்பாக்ட் ரென்ச், அதான் எந்த நட்டையும் அடிச்சுக் கழட்டுற மெஷின், அதையும் அந்த டிக்குன்னு சத்தம் கொடுக்கிற அளவு ஸ்பானரையும் வாங்கிடலாம், தினமும் காலைல நான் கழட்டி, அளவு ஸ்பானர்ல சரியா மாட்டிக் கொடுத்துடறேன், நீ நிம்மதியா வேலைக்குப் போன்னாரு. யார் திருகுறான்னு கண்டுபிடிக்கிறதை விட்டுட்டு இது என்ன யோசனைன்னு எனக்குத் தோணத்தான் செஞ்சுது. ஆனா ஒரு வருஷமா ஒரு தலையணை உறை வாங்கக் கூடக் கடைக்கு வராத மனுஷன், தானா வாய் திறந்து கடைக்குப் போலாம்னு சொல்றாரு. நான் அதுல விழுந்துட்டேன்.

அதுக்கப்புறம் வீட்டுல வேற பேச்சே இல்ல. காத்துல ஓடுறது வேண்டாம், அதுக்குத் தனியா கம்ப்ரசர் வெக்கணும், அது போடுற சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். வயர் வெச்சது வேண்டாம், ஷெட்டுல பிளக் பாயின்ட் அந்தக் கோடியில இருக்கு. பேட்டரியில ஓடுறதுதான் சரி. பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டிருக்கிற நம்பரை நம்பக் கூடாது, அது கழட்டுற பலமா மாட்டுற பலமான்னு பாக்கணும். சாப்பிடும்போது கூட இதையேதான் சொன்னாரு. அவர் குரலை அவ்வளவு நேரம் கேட்டே எவ்வளவோ காலம் ஆச்சு. என்ன பேசுறாருன்னு காதுல வாங்காமலே நான் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

கடையில மூணு ரென்ச்சை மேஜை மேல வரிசையா வெச்சாங்க. சின்னது என் கைக்கு அடக்கமா, ஹேர் டிரையர் கனத்துல இருந்துச்சு. எனக்கு அதுதான் பிடிச்சுது. நாளைக்கு நடு வழியில நின்னா இதைத் தூக்கப் போறது நானா நீங்களான்னு கேட்டேன். இவர் காதுல போட்டுக்கல. பெருசு ஒரு கையில நிக்கவே நிக்காது, அதைத்தான் தூக்கித் தூக்கிப் பாத்தாரு. விக்கிறவர் பொறுமையா எல்லாம் சொன்னாரு. வீட்டுக் காருக்கு நடுவுல இருக்கிறதே தாராளம், பெருசு லாரி ஷெட்டுக்காரங்க வாங்குறது. நட்டைக் கவ்வுற சாக்கெட்ல பளபளன்னு இருக்கிறதை இதுல மாட்டாதீங்க, அடி தாங்காம தெறிச்சுடும், கறுப்பா தடியா இருக்கிறதுதான் இதுக்குன்னு உள்ளது. கழட்டத்தான் இது, திருப்பி மாட்டுறப்போ கடைசித் திருகு கையாலதான். இவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"எவ்வளவு டைட்டா இருந்தாலும் கழட்டுமா?"

"மனுஷன் டைட் பண்ணதுன்னா எதையும் கழட்டும் சார்," அப்படின்னு அவர் சிரிச்சாரு.

இவர் சிரிக்கல. கொஞ்ச நேரம் அந்த மூணையும் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் பெருசை எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பில் போடச் சொன்னாரு. எனக்கு அப்பவே என்னமோ மாதிரி இருந்துச்சு.

மறுநாள்லேருந்து நான் கண்ணு முழிக்கிறதே டர்ர்ர்னு அந்தச் சத்தத்துலதான். எனக்கு முன்னாடி எழுந்து, ஷெட்டுல விளக்கைப் போட்டு, ஜாக்கியை வெச்சு, அஞ்சு நட்டையும் கழட்டித் துடைச்சு, திருப்பி மாட்டி, டிக் டிக்குன்னு அளவு வெச்சு, நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள என் நகப்பாலிஷால கோடும் போட்டு முடிச்சிருப்பாரு. ஒழுங்கா ஷேவ் பண்ண ஆரம்பிச்சாரு. ரெண்டாம் தடவை சோறு கேட்டாரு. ஒரு நாள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டே கை கழுவினாரு. சொன்னா வெக்கக்கேடு, எனக்கு அது சந்தோஷமா இருந்துச்சு. கோடு தினமும் உடையுதே, யார் உடைக்கிறான்னு கேக்கிறதையே விட்டுட்டேன். சரியா மாட்டிக் கொடுக்கத்தான் இவர் இருக்காரேன்னு கண்ணை மூடிக்கிட்டு காரை எடுத்துக்கிட்டுப் போனேன்.

ஒரு மதியம் வேலை சீக்கிரம் முடிஞ்சு வீட்டுல இருந்தேன். அவர் கடிகாரக் கடையில. நல்ல வெயில். சமையலறையில ரத்தக் குழாய் வெக்கிற ஐஸ் பெட்டியைக் கழுவிக்கிட்டிருந்தேன். ஷெட்டுலேருந்து ஒரு முனகல் கேட்டுச்சு. இரும்பு முனகுற சத்தம். கொஞ்சம் நிக்கும், திரும்பவும் முனகும்.

நடுவுல இருக்கிற கதவைத் திறந்தேன். ஷெட்டுல யாரும் இல்ல. வெளிக்கதவு பூட்டினது பூட்டின மாதிரி இருக்கு. காரோட முன்பக்க இடது மூலை மட்டும் கீழ அமுங்கி மேல வருது. அமுங்குது, வருது. யாரோ அங்க ஒரு கம்பி மேல ஏறி நின்னு, உடம்பு பாரத்தைப் போட்டுக் குதிக்கிற மாதிரி. ஒவ்வொரு அமுக்கலுக்கும் என் கண்ணு முன்னாடியே ஒரு நட்டோட சிவப்புக் கோடு கொஞ்சம் கொஞ்சமா விலகுது. ஆள் இல்ல. ஸ்பானர் இல்ல. அதோட கூடவே, கனம் தூக்குறப்போ பல்லைக் கடிச்சுக்கிட்டு விடுவாங்களே ஒரு மூச்சு, அது கேக்குது.

எதுவா இருந்தாலும் நான் முதல்ல கத்திடுவேன். அதுதான் என் பழக்கம். அன்னைக்குக் கத்தத் தோணல. அப்போ அந்தக் குதிப்பு நின்னுச்சு. நான் நிக்கிறது தெரிஞ்சு நின்ன மாதிரி. மூலை அமுங்கினபடியே இருந்துச்சு, மேல வரல. இறங்காம அங்கயே நின்னு என்னைப் பாக்குது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டு, ஈரக்கையோட தெருவுக்கு ஓடி வந்துட்டேன். அவர் கடையை மூடிட்டு வர்ற வரைக்கும் வாசப்படியிலதான் உக்காந்திருந்தேன்.

அவர் வந்ததும் எல்லாத்தையும் சொன்னேன். உனக்கு என்ன பைத்தியமான்னு கேப்பாருன்னு பாத்தேன். அவர் கேட்டது வேற.

"எப்படி இருந்தான்?"

ஒண்ணும் கண்ணுக்குத் தெரியலைங்கன்னேன். கார் எவ்வளவு அமுங்குச்சு, ஒரு காலா ரெண்டு காலையும் வெச்சா, மூச்சு சத்தம் நல்லாக் கேட்டுச்சான்னு ஒவ்வொண்ணா விசாரிக்கிறாரு. ஊருக்குப் போயிட்டு வந்தவளைக் கேக்கிற மாதிரி கேக்கிறாரு. இவருக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் அந்த ரென்ச்சை வாங்கியிருக்காரு. தம்பி வந்து டைட் பண்ணட்டும், காலைல நான் கழட்டி வெக்கிறேன், திரும்ப வந்து பண்ணட்டும்னு, அவன் வந்து போக ஒரு வேலையைத் தயார் பண்ணி வெச்சுக்கிட்டே இருந்திருக்காரு.

"அவன் செய்யாம விட்டுட்டுப் போன வேலை அது. செஞ்சுட்டுப் போகட்டுமேன்னு இருந்தேன்," அப்படின்னாரு.

"அவன் எங்கங்க போறான்? செஞ்சுக்கிட்டேதானே இருக்கான்? போகப் போறது நானு."

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. பேய் பயம் எல்லாம் பறந்துடுச்சு. கட்டின பொண்டாட்டி தினமும் அந்த வண்டியில போறாளேன்னு இவருக்கு உறைக்கலையே, செத்தவன் மேல இருக்கிற பாசம் இருக்கிறவ மேல இல்லையேன்னு வாய்க்கு வந்ததைக் கேட்டேன். சாப்பிடாம படுத்துட்டோம் ரெண்டு பேரும்.

மறுநாள் காலைல நான் அவர் பின்னாடியே ஷெட்டுக்குப் போனேன். இன்னைக்கு இந்த வண்டி எங்கயும் போகாது, ஆனா அந்த நட்டு எப்படி இருக்குன்னு நான் பாக்கணும்னேன். அவர் ரென்ச்சை வெச்சு அழுத்தினாரு. முதல் நட் வந்துச்சு. ரெண்டாவது வந்துச்சு. மூணாவதுல டர்ருன்னு ஆரம்பிச்ச சத்தம் படக்குன்னு நின்னு, நட்டும் அதுக்குள்ள மாட்டிக்கிட்ட போல்ட் துண்டும் சேர்ந்து தரையில விழுந்து உருண்டுச்சு.

அவர் அதைப் பொறுக்கி எடுத்தாரு. சட்டைப் பையிலேருந்து லென்ஸை எடுத்துக் கண்ணுல மாட்டிக்கிட்டு, வாசல் வெளிச்சத்துக்குத் திரும்பி, அறுந்த இடத்தைப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் லென்ஸைக் கழட்டி என் கையில கொடுத்து என்னையும் பாக்கச் சொன்னாரு. அறுந்த முகத்துல ஒரு கீத்து மட்டும் புது இரும்பா மின்னுச்சு. மீதி பூராவும் கறுத்துத் துரு பிடிச்சிருந்துச்சு. முக்கால்வாசி என்னைக்கோ விரிசல் விட்டது. அந்தக் கீத்தை நம்பித்தான் நான் இத்தனை நாளும் ஊர் சுத்தி ரத்தம் எடுத்திருக்கேன்.

அவர் அந்தத் துண்டைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, அவராவே டயர்க்கடைக்காரருக்கு போன் போட்டாரு.

டயர்க்கடைக்காரர் வந்து அஞ்சு போல்ட்டையும் மாத்தினாரு. மத்த நாலும் இளைச்சுத்தான் இருந்துச்சு. எப்படி இப்படி ஆச்சுன்னு அவர் கேக்கல, நாங்களும் சொல்லல. புதுசா மாட்டி டிக்குன்னு வெச்சு, கோடு போட்டுட்டு, என் முகத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போயிட்டாரு.

அன்னைக்கு இவர் கடையைத் திறக்கல. சாப்பாடு ஆனதும் ஒரு முக்காலியை எடுத்துக்கிட்டுப் போய் அந்த வீலுக்கு எதிர்ல போட்டு உக்காந்தாரு. நான் கதவுகிட்ட நின்னேன். உள்ள போகப் பயம், அவரைத் தனியா விடவும் பயம். தெருவுல யாரோ சைக்கிள் மணி அடிச்சுக்கிட்டுப் போனாங்க. வெயில் கதவிடுக்குல நீளமா விழுந்திருந்துச்சு. நான் கால் மாத்தி நிக்கலாம்னு நினைச்ச நேரத்துல அந்த மூலை சத்தமில்லாம அமுங்குச்சு.

அவர் அசையல. ஒரு தடவை குதிக்க விட்டாரு. அந்த மூச்சைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்றது? பசிச்ச குழந்தை முகம் அது. இவர் சொல்ல மாட்டாரு, இவரால முடியாதுன்னு எனக்குத் தோணிடுச்சு. இவர் இடத்துல யார் இருந்தாலும் முடியாதுதான். இன்னொரு குதிப்பு. சிவப்புக் கோடு விலக ஆரம்பிச்சுது.

"டேய்," அப்படின்னாரு. முக்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டுத் திரும்பவும் கூப்பிட்டாரு. "டேய் தம்பி. போதும்டா. டைட்டா இருக்கு, நான் பாத்துட்டேன். இதுல அண்ணி போறாடா. இறங்கு."

ஒண்ணும் ஆகல. அமுங்கினது அமுங்கினபடியே நின்னுச்சு. அவர் முக்காலியை விட்டு இறங்கித் தரையில மண்டி போட்டு, ரெண்டு கையாலயும் அந்த நட்டுங்களை மூடிக்கிட்டாரு.

"இறங்குடா கண்ணா."

அந்த மூலை எழுந்துச்சு. மெதுவா, தயங்கித் தயங்கி, முதல்ல ஒரு காலை எடுத்துட்டு அப்புறம் இன்னொரு காலை எடுக்கிற மாதிரி ரெண்டு தவணையா எழுந்துச்சு. ஷெட்டுல வேற எதுவும் மாறல. காத்து கூட அசையல. ஆனா அங்க நாங்க ரெண்டு பேர் மட்டும்தான் இருக்கோம்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது.

அவர் கையை எடுக்காமலே போயிட்டானான்னு என்னைக் கேட்டாரு. ம்னேன்.

என் உயிர் எனக்குத் திரும்பி வந்த நேரம் அது. நான் சந்தோஷப்பட்டிருக்கணும். கொஞ்ச நேரம் கழிச்சு, என்கிட்ட இல்லாம அந்த வீல்கிட்ட சொல்ற மாதிரி அவர் சொன்னாரு.

"சாப்பிட்டியான்னு கூட நான் கேக்கலையே."

நான் போய் அவர் பக்கத்துல தரையில உக்காந்துக்கிட்டேன்.